தென்காசி, குற்றாலம், செங்கோட்டை: மலைவாசலுக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அருவியில் குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பஸ் ஏறிவிடுகிறார்கள். அது தவறில்லை. ஆனால் அந்த அருவிக்குச் சில கிலோமீட்டர் சுற்றளவில் பாண்டியர்களின் கடைசித் தலைநகரம் இருக்கிறது. ஒரு சமஸ்தானத்தின் பழைய எல்லை வாசல் இருக்கிறது. நூற்றாண்டு கடந்த மலை ரயில் பாதை இருக்கிறது. இவற்றைப் பார்க்காமல் திரும்பிப் போகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான், இங்கே வரத் திட்டமிடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

இந்தப் பகுதியை மலைவாசல் என்று சொல்லக் காரணம் என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே நெடுஞ்சுவராக நிற்கிறது. அந்தச் சுவர் தாழ்ந்து வழிவிடும் இடங்கள் மிகச் சில. பாலக்காடு ஒன்று, ஆரல்வாய்மொழி ஒன்று, செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவு கணவாய் இன்னொன்று. வணிகர்களும் படைகளும் பக்தர்களும் இந்த வழியாகத்தான் மலையைக் கடந்தார்கள். பிறகு சாலையும் ரயிலும் இதே வழியாக வந்தன.

ஆட்களைப் போலவே காற்றும் இந்த வழியாகத்தான் வருகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளப் பக்கம் மழையைக் கொட்டிய மேகங்கள் மலையைத் தாண்டுவதற்குள் வற்றிப்போவதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவில் கிடக்கிறது. கணவாய் இருக்கும் இந்த இடத்தில் ஈரக்காற்று உள்ளே புகுந்து சாரலாகத் தூவுகிறது. குற்றாலத்தின் சீசன் என்பது அந்தக் காற்று தரும் கொடைதான். தென்காசியிலிருந்து சுரண்டை செல்லும் வழியெங்கும் காற்றாலைகள் சுழல்வதற்கும் அதுதான் காரணம். இந்தக் கணவாயை மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றினால், இங்கே பார்க்கும் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு தொடர்புள்ளதாகத் தெரியும்.

எந்த மாதத்தில் வரலாம்?

சாரலுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வெயில் எட்டிப் பார்க்கும், அடுத்த நிமிடமே பொடிப்பொடியாகத் தூறும், காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். குடை பிடித்தால் பறந்துவிடும், நனைவதுதான் நல்லது. ஆனால் அந்த மாதங்களின் சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். செவ்வாய், புதன் போன்ற நாள்களில் வர முடிந்தால் அருவியின் அடியில் நின்று மூச்சுவிட இடம் கிடைக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அருவிகளில் தண்ணீர் அதிகம், ஆபத்தும் அதிகம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் திரளாக வந்து குளித்துவிட்டுப் போவார்கள். மார்ச் முதல் மே வரை அருவிகள் மெலிந்துவிடும். சில ஆண்டுகளில் பாறை மட்டுமே தெரியும். குளியல் வேண்டாம், கோயில்களையும் வரலாற்று இடங்களையும் நிதானமாகப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை.

எப்படி வந்து சேர்வது? எங்கே தங்குவது?

சென்னை எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் மதுரை, ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் வருகிறது. கொல்லம் செல்லும் ரயிலும் இந்த வழியில் உண்டு. திருநெல்வேலியிலிருந்து தென்காசி சுமார் 55 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி கிடைக்கும். அம்பாசமுத்திரம் வழியாக வரும் ரயிலில் ஏறினால் வழிநெடுக வயலும் மலையும் கூடவே வரும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர், செங்கோட்டை ஏழெட்டுக் கிலோமீட்டர். அருவிக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சீசனில் குற்றாலத்தில் வாடகை எகிறிவிடும். தென்காசியில் தங்கினால் செலவு குறையும், நான்கு திசைக்கும் பஸ் வசதி இருக்கும். குடும்பத்தோடு வந்து அதிகாலையில் குளிக்க நினைப்பவர்கள் மட்டும் குற்றாலத்தில் அறை எடுத்தால் போதும்.

குற்றாலத்தில் எத்தனை அருவிகள்? எதில் குளிக்கலாம்?

பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, பழத்தோட்ட அருவி, மலைக்கு மேலே செண்பகாதேவி அருவி, தேனருவி என்று பட்டியல் நீளும். பொதுமக்கள் அதிகமாகக் குளிப்பது பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய மூன்றில்தான்.

பேரருவியைச் சற்று நேரம் தள்ளி நின்று பாருங்கள். இவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தலையில் இறங்கினால் யாராலும் தாங்க முடியாது. நடுவழியில் பாறையில் ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பொங்குமாங்கடல். மேலிருந்து வரும் நீர் முதலில் அந்தப் பள்ளத்தில் விழுந்து, வேகம் இழந்து, பொங்கி வழிந்து கீழே இறங்குகிறது. நாம் அடியில் நின்று தோள் தட்டிக் குளிக்க முடிவது அந்தப் பள்ளத்தின் தயவால்தான். வெள்ளம் வரும்போது பொங்குமாங்கடலும் கட்டுப்படுத்த முடியாமல் நீர் அதைத் தாண்டிப் பாய்வதைத் தூரத்திலிருந்தே காணலாம். அப்போது அருவியின் நிறமே செம்மண்ணாக மாறியிருக்கும்.

ஐந்தருவி பேரருவியிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர். ஒரே ஓடை பாறையில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிறது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் பேரருவியை விட இதுதான் ஏற்றது என்பது என் கருத்து. பழைய குற்றாலம் இன்னும் ஒதுக்குப்புறம். பஸ் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். சிற்றருவி பேரருவிக்கு மேலே சிறிது தூரத்தில் இருக்கிறது. குறைந்த தண்ணீரிலும் குளிக்கலாம்.

எந்த அருவியிலும் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது. இந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடி வயல்களை நனைத்து, கடைசியில் தாமிரபரணியில் கலக்கிறது. கீழே உள்ள ஊர்களில் அதைக் குடிக்கிறார்கள்.

‘குளிக்கத் தடை’ என்று திடீரென்று அறிவிக்கிறார்களே, ஏன்?

பேரருவியின் முன்னால் பாதுகாப்பு வளைவு ஒன்று கட்டியிருக்கிறார்கள். அந்த வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் அது எச்சரிக்கை. மரக்கிளைகளும் கற்களும் சேர்ந்து வரும். போலீசார் விசில் ஊதியதும் ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

இதைப் பலர் புரிந்துகொள்வதில்லை: அருவியில் வெள்ளம் வர நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதி மலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத காட்டுக்குள் இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் கோடை மழையால் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கும் நிகழ்வு அது. சீசன் இல்லாத மாதம்தானே, தண்ணீர் குறைவாகத்தானே இருக்கிறது என்று யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. இரண்டு நாள் பயணம் செய்து வந்திருக்கிறோம், ஐந்து நிமிடமாவது குளித்துவிடுகிறோம் என்று காவலர்களிடம் மன்றாடுபவர்களை அடிக்கடி பார்க்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த நாளைக் கோயில்களுக்கு ஒதுக்குங்கள்.

செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் ஏறிப்போக முடியுமா?

பொதுவாக அனுமதி இல்லை. இரண்டும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காட்டுப்பகுதி. செண்பகாதேவி அம்மன் கோயிலில் சித்ரா பௌர்ணமி விழா நடக்கும்போது பக்தர்களை விடுவார்கள். அந்தச் சமயத்தில் வந்தால் பேரருவியிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் காட்டுப்பாதையில் ஏறிப் போகலாம். மற்ற நாள்களில் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழுக்குப் பாறைகளில் தவறி விழுந்தவர்கள் உண்டு. தேன்கூடுகள் தொங்கும் பாறைகளும் உண்டு.

குற்றாலநாதர் கோயிலில் தவறவிடக் கூடாதது எது?

பேரருவியின் இரைச்சல் கேட்கும் தூரத்திலேயே கோயில். திருஞானசம்பந்தர் இந்தத் தலத்துக்கு ஒரு பதிகமும், இங்குள்ள குறும்பலா மரத்துக்குத் தனியாக ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். ஒரு மரத்துக்கென்று பதிகம் கிடைத்த தலம் இது. கோயில் சங்கின் வடிவத்தில் அமைந்தது. திருமால் வடிவில் இருந்த மூர்த்தியை அகத்தியர் சிவனாக்கினார் என்பது தலபுராணம். எந்நேரமும் அருவி விழும் ஊரில் இருப்பதால் இறைவனுக்குத் தலைவலி வந்துவிடக் கூடாது என்று மூலிகைத் தைலம் சாற்றுகிறார்கள். இந்த ஊர்க்காரர்களின் அன்பு எப்படிப்பட்டது என்பதை இதைவிட அழகாக எதுவும் காட்டாது.

ஆனால் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது சித்திர சபை. நடராஜருக்குரிய ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலம் சித்திரம். கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தோடு தனியாக நிற்கிறது. உள்ளே சிலை கிடையாது. ஓவியத்தில் ஆடும் நடராஜருக்குத்தான் வழிபாடு. சுவர் முழுவதும் புராணக் காட்சிகள். அருவிக்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் நெரிந்துகொண்டிருக்கும் நாளில் கூட இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் இருப்பார்கள். கூரையின் செம்புத் தகடுகளில் சாரல் விழும் ஓசையோடு ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே நடங்கள், அவசரப்பட வேண்டாம்.

பேரருவிக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. ஐந்தருவிச் சாலையில் தமிழ் இலக்கிய விமர்சகர் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த வீடு இருந்தது. ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கித் தமிழ் பேசிக் களித்திருக்கிறார்கள்.

தென்காசி கோயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

மகிழ்ச்சியோடு சொல்கிறேன். மதுரையை இழந்த பிறகு பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி, தென்காசியைத் தலைநகராக்கி ஆண்டார்கள். அந்த மரபில் வந்த பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டியது காசி விசுவநாதர் கோயில். வடக்கே காசிக்குப் போக முடியாத தென்னாட்டு மக்களுக்காக இங்கேயே ஒரு காசியை எழுப்பினான் என்று சொல்வார்கள்.

ஒன்பது நிலை ராஜகோபுரம் சுமார் 180 அடி உயரம். பழைய கோபுரம் தீப்பற்றிச் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. மக்கள் முயற்சியால் மீண்டும் எழுப்பப்பட்டு 1990-இல் குடமுழுக்கு நடந்தது. கோபுர வாசலுக்கும் கோயிலுக்கும் இடையே உள்ள திறந்த வெளியில் நின்று பாருங்கள். கணவாய்க் காற்று அங்கே வந்து மோதும். உள்ளே போகிறவர்களை முதலில் எதிர்த்துத் தள்ளும் காற்று, பாதி தூரம் கடந்ததும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் என்று ஊரில் சொல்வார்கள். சாரல் காலத்தில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

உள்ளே நுழைந்ததும் திருவோலக்க மண்டபம். ஒற்றைக் கல்லில் செதுக்கிய வீரபத்திரர்கள், தாண்டவ மூர்த்தி, காளி, ரதி, மன்மதன் என்று ஆள் உயரத்துக்கும் மேலான சிற்பங்கள் தூணோடு தூணாக நிற்கின்றன. ரதியின் கை விரல்களில் நகம் வரை தெரியும். வீரபத்திரரின் ஆபரணத்தில் மணி மணியாகக் கோர்த்த சரத்தைக் கல்லில் எப்படிப் பிரித்துக் காட்டினார்களோ என்று வியக்காமல் இருக்க முடியாது. வரிசையில் நின்று சாமி கும்பிட்டுவிட்டு ஓடிவிடுகிறவர்கள் இந்த மண்டபத்தில் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இந்தக் கோயிலில் என்னை அதிகம் உலுக்குவது சிற்பம் அல்ல, ஒரு கல்வெட்டுப் பாடல். தான் கட்டிய இந்தப் பொன்னாலயத்துக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்கள் எவராக இருந்தாலும், உலகம் அறிய அவர்களைப் பணிகிறேன் என்று பராக்கிரம பாண்டியன் சொல்கிறான். கோயில் கட்டிய அரசர்கள் தங்கள் வெற்றியையும் கொடையையும் கல்லில் வெட்டிவைத்தது நமக்குத் தெரியும். இவனோ தனக்குப் பின் வரப்போகும், பெயர் தெரியாத யாரோ ஒருவருக்கு முன்கூட்டியே வணக்கம் வைத்துவிட்டுப் போகிறான். பிற்காலத்தில் இடிந்த கோபுரத்தை எடுத்துக் கட்டியவர்களுக்கெல்லாம் அந்த வணக்கம் சேர்ந்திருக்கிறது.

செங்கோட்டையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் வழியில் பழைய நுழைவு வளைவு ஒன்று சாலையின் குறுக்கே நிற்கும். அதில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு முத்திரை இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் கேரள மன்னரின் சங்கு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் திகைப்பார்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்பு செங்கோட்டை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளைப் போல இதுவும் தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் கோட்டைவாசலுக்குப் போய்விட்டது. ஆனாலும் பழைய எல்லையில் இருக்கும் பிரானூரை இன்றும் எல்லோரும் பார்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

செங்கோட்டை வாஞ்சிநாதனின் ஊர். 1886-இல் பிறந்தவர், கணவாய்க்கு மறுபக்கம் புனலூரில் திருவிதாங்கூர் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, பிடிபடாமல் தன்னையும் சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். ஊரில் அவருக்குச் சிலையும் மணிமண்டபமும் உள்ளன. பிள்ளைகளோடு வருபவர்கள் அரை மணி நேரமாவது இங்கே ஒதுக்க வேண்டும்.

ஊருக்குப் பக்கத்தில் குண்டாறு அணை இருக்கிறது. 36 அடி உயரம்தான். மாவட்டத்தின் சிறிய அணை. பருவமழை தொடங்கியதும் முதலில் நிரம்புவது பெரும்பாலும் இதுதான். மலையடிவாரமும் தென்னந்தோப்பும் சூழ்ந்த அமைதியான இடம்.

மலை ரயில் பாதையில் பயணம் செய்வது அந்த அளவுக்குச் சிறப்பானதா?

ஆம், ஒருமுறையாவது போய்வர வேண்டியது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் மலைப்பாதை 1904-இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. அகல ரயில் பாதைப் பணிக்காக 2010-இல் நிறுத்தப்பட்டு, 2018-இல் மீண்டும் முழுமையாக ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருபக்க மக்களும் பட்ட சிரமம் கொஞ்சமல்ல.

செங்கோட்டையை விட்டுக் கிளம்பியதும் பகவதிபுரம் வரை வயல்வெளி. அங்கிருந்து மலை நெருங்கும். சட்டென்று நீண்ட சுரங்கம் ஒன்றில் ரயில் நுழையும். வெளியே வரும்போது நீங்கள் ஆரியங்காவுப் பக்கம், வேறொரு பசுமைக்குள் இருப்பீர்கள். வறண்ட காற்று போய் ரப்பர் மரங்களும் ஈரமும் வந்துவிடும். ஏற்றம் கடுமையானது என்பதால் ரயிலின் முன்னும் பின்னும் எஞ்சின் இணைத்து மெதுவாக ஓட்டுவார்கள். வேகம் குறைவாக இருப்பது நமக்கு லாபம்.

கழுதுருட்டிக்கு அருகே பதிமூன்று கண் பாலம் வரும். கருங்கல்லில் பதிமூன்று வளைவுகளாகக் கட்டிய பாலம். ரயிலில் அதன் மேல் போகும்போது அதன் அழகு தெரியாது. நாம்தான் மேலே இருக்கிறோமே! ஆகவே ஒரு வழி ரயிலிலும் மறு வழி பஸ்ஸிலும் வாருங்கள். சாலை பாலத்துக்குக் கீழேயே போகிறது. இறங்கி நின்று அண்ணாந்து பார்க்கலாம். இரவில் மலையைக் கடக்கும் ரயில்களும் இருக்கின்றன என்பதால் டிக்கெட் எடுப்பதற்கு முன் பகல் நேர வண்டிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவாயைத் தாண்டிக் கேரளப் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம்?

ஒரு நாள் முழுவதும் அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். புளியரை தாண்டி எஸ் வளைவில் சாலை ஏறும்போது திரும்பிப் பார்த்தால், பச்சை வயல்கள் கீழே விரிந்திருக்கும். அடுத்து எல்லையான கோட்டைவாசல். பிறகு ஆரியங்காவு. இங்குள்ள ஐயன் கோயிலுக்கும் மதுரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. அம்பாள் புஷ்கலா தேவியைத் தங்கள் குலப்பெண்ணாகக் கருதும் மதுரை சௌராஷ்டிர சமூகத்தினர் ஒவ்வொரு மார்கழியிலும் பெண் வீட்டாராக இங்கே வந்து திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். மலை இரண்டு மாநிலங்களைப் பிரித்தாலும் சம்பந்தம் நிற்கவில்லை.

ஆரியங்காவுக்கு அருகே பாலருவி. சுமார் 300 அடி உயரத்திலிருந்து பால் போல நுரைத்து விழும். சாலையிலிருந்து கேரள வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக வேண்டும். வறட்சியிலும் பெருவெள்ளத்திலும் மூடிவிடுவார்கள்.

தென்காசியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் தென்மலை. கல்லடையாற்று அணை, படகு, மான் பூங்கா, மரங்களின் உயரத்தில் நடைபாதை என்று குழந்தைகளுக்குப் பிடித்தவை பல. பக்கத்திலேயே செந்துருணி வனவிலங்குச் சரணாலயம். இன்னும் போனால் புனலூரில் கல்லடையாற்றின் மேல் தொங்குபாலம்; ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் வடிவமைத்து 1877-இல் கட்டி முடித்தது. இப்போது நடந்து போக மட்டும்தான் அனுமதி. பலகையில் நின்று கீழே ஓடும் ஆற்றைப் பார்க்கலாம்.

மலைமேல் உள்ள கோயில்களில் எதைப் பார்க்கலாம்?

பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயிலைத்தான் முதலில் சொல்வேன். படிக்கட்டிலும் ஏறலாம், மேல்வரை வண்டிச் சாலையும் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். கிழக்கே வயல்களும் குளங்களும், மேற்கே கை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற மலைத்தொடரும் தெரியும். கீழே மேக்கரையில் அடவிநயினார் அணை. அந்த வழியாகத்தான் அச்சன்கோவிலுக்குச் சாலை போகிறது.

நடப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்குக் கடையம் அருகே தோரணமலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் குகைக்குள் முருகன். சித்தர்களான அகத்தியரும் தேரையரும் இங்கே மருத்துவம் பயின்றதாக நம்பிக்கை. காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும். இலஞ்சிக் குமாரர் கோயில் தரையிலேயே இருக்கிறது, குற்றாலம் போகும் வழியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

அருவியில் தண்ணீர் இல்லாத காலத்தில் வந்துவிட்டோம். என்ன செய்வது?

கடையத்துக்குப் போங்கள். பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியை விட்டு 1918-இல் வெளியே வந்து கைதாகி விடுதலையான பாரதி, 1920 வரை இங்கே வாழ்ந்தார். ஊருக்கு மேற்கே நித்திய கல்யாணி அம்மன் கோயில், பின்னால் மலை. அந்தப் பாதையில் அவர் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு நடப்பதே ஒரு தனி அனுபவம்.

வடக்கே போக முடிந்தால் சங்கரன்கோவில். சிவனும் திருமாலும் ஓருருவாக நிற்கும் சங்கரநாராயணர் அங்கே இருக்கிறார். ஆடித்தபசு விழாவுக்கு ஊரே நிரம்பும். அந்தப் பக்கம் நெல்கட்டும்செவலில் பூலித்தேவரின் நினைவு மாளிகை. 1750-களிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எதிர்த்து நின்ற பாளையக்காரர் அவர். சிப்பாய்க் கலகத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் எதிர்ப்பு தொடங்கிவிட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஜூலை, ஆகஸ்டில் அருவி கைவிட்டாலும் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கும். படம் எடுங்கள், வயலுக்குள் இறங்கிச் செடியை மிதிக்காதீர்கள். அது ஒரு விவசாயியின் ஆண்டு வருமானம்.

என்ன சாப்பிடலாம், என்ன வாங்கலாம்?

பிரானூர் பார்டர் கடைகளில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். சீசனில் குற்றாலத்துக் கடைவீதியில் மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான் போன்ற பழங்கள் குவிந்திருக்கும். வேறு ஊர்களில் இவை இவ்வளவு புதிதாகக் கிடைப்பது அரிது. பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பறித்துக்கொண்டு போய்விடும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கியதும் நாம்தான், இனியாவது நிறுத்துவோம்.

முதியவர்களோடு வருகிறோம். எதைத் தவிர்க்க வேண்டும்?

தோரணமலையைத் தவிர்க்கலாம். பேரருவியில் கூட்ட நாளில் தள்ளுமுள்ளு இருக்கும், பாறை வழுக்கும். ஐந்தருவியில் ஓரமாக நிற்கலாம், அல்லது சிற்றருவி போதும். திருமலைக்கு வண்டியில் ஏறிவிடலாம். சாரல் காலத்தில் மாலைக் காற்று உடம்பைக் குளிர வைக்கும். ஒரு துண்டும் மாற்று உடையும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?

விடியும் முன் பேரருவிக்குப் போய்விடுங்கள். அந்நேரத்தில் கூட்டம் குறைவு. குளித்ததும் குற்றாலநாதர், பிறகு சித்திர சபை. காலை உணவை முடித்துக்கொண்டு தென்காசி கோயிலுக்கு வந்தால் நடை சாத்துவதற்கு முன் திருவோலக்க மண்டபத்தைப் பொறுமையாகப் பார்க்க நேரம் இருக்கும். மதியம் பிரானூரில் சாப்பிட்டுவிட்டு, செங்கோட்டை வளைவையும் வாஞ்சிநாதன் மணிமண்டபத்தையும் பார்த்து, பஸ்ஸிலோ காரிலோ கழுதுருட்டிப் பாலம் வரை போய்த் திரும்புங்கள். திரும்பும் வழியில் எஸ் வளைவில் இறங்கி நிற்கலாம். பாலருவியும் தென்மலையும் இந்த ஒரு நாளில் அடங்காது. அவற்றையும் இதில் திணித்தால் எதையும் பார்த்ததாக இருக்காது, அவற்றுக்கு இன்னொரு முறை வாருங்கள். இரவு ரயிலில் ஊர் திரும்புகிறவர்கள் மலைச்சாலையில் லாரி நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.